மாங்கனி நகரில் மாதர் நலம்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் நகரெங்கும் மாங்கனியின் மணம் கமழும். புனிதவதியாருக்கும் பரமதத்தருக்கும் திருக்கல்யாணம் நடைபெற்றபின், பிட்சாடன மூர்த்தி வீதியுலா எழுந்தருளுகையில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். கீழே திரண்டு நிற்கும் அடியார்கள் அவற்றை ஏந்திப் பிரசாதமாகப் பெறுவார்கள். மகப்பேறு வேண்டி நிற்கும் இளம்பெண்கள் அக்கனியை உண்டால் மடி நிறையும் என்பது தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை.

அக்கூட்டத்தில் வேறொரு பருவத்துப் பெண்களும் இருப்பார்கள். வயது நாற்பத்தைந்தை நெருங்கியிருக்கும். விடியுமுன் எழுந்து படையலுக்குச் சமைத்து, வெளியூரிலிருந்து வந்த உறவினர்க்கு இலை போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீதியில் வந்து நிற்பவர்கள். திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறும். புடவைத் தலைப்பு வேர்வையில் நனையும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அருகில் இருப்பவர் ஆனி வெயில் என்பார். வெயில் இறங்கிய பிறகும், இரவு மூன்று மணிக்கும் அந்த அனல் வருகிறது என்பதை அப்பெண் யாரிடமும் சொல்வதில்லை.

மகப்பேறு வேண்டுவோர்க்கு மாங்கனி உண்டு. மகப்பேற்றுப் பருவம் முடியும் தறுவாயில் இருப்பவளுக்கென்று ஒரு விரதமோ, ஒரு வேண்டுதலோ, வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லோ கிடையாது. வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தை இப்போது மருந்துக் கடையின் வைட்டமின் மாத்திரை பிடித்துக்கொண்டிருக்கிறது. "இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், சத்து மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கடைக்காரர் ஓர் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்த மாத்திரை எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதை இல்லத்து மூத்தோர் அறிந்திருத்தல் நலம். மருமகளையோ மகளையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லும் சொல் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வரவேண்டியிருக்கிறது.

முதலில் உடலில் நிகழ்வது என்ன என்பதைக் காண்போம். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். மேலை நாடுகளில் இது சுமார் 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுவதாக இங்கு நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. அதற்கு முந்தைய சில ஆண்டுகளே சோதனையான காலம். சினைப்பையில் கருமுட்டைகள் குறையக் குறைய, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஒரு மாதம் ஏறும், மறுமாதம் இறங்கும். மூளையில் உடற்சூட்டை ஆளும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி இந்த ஏற்ற இறக்கத்தால் தடுமாறுகிறது. முன்பெல்லாம் பொருட்படுத்தாத சிறு வெப்பத்தையும் பெருவெப்பமாக எண்ணி, தோலுக்கு இரத்தத்தை விரட்டி, வேர்க்கச் செய்கிறது. அனல் ஏறுவதன் இரகசியம் இதுவே. இதனுடன் உறக்கம் கெடுதல், காரணமில்லாத எரிச்சல், மறதி, மூட்டு வலி, நாள் தவறி வரும் மாதவிலக்கு, வந்தால் நிற்காத உதிரப்போக்கு ஆகியவை ஆளுக்கு ஒரு விதமாகச் சேர்கின்றன.

இனி மாத்திரைக்கு வருவோம். அனல் ஏறுவதற்கு வைட்டமின் இ நல்லது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் இதைச் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 800 அலகு வைட்டமின் இ கொடுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிட நாளுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு தடவைதான் அனல் குறைந்தது. எந்த மாத்திரை எது என்று தெரியாத நிலையில் அப்பெண்களைக் கேட்டபோது, அவர்கள் வைட்டமினை விரும்பித் தேர்ந்தெடுக்கவும் இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அனல் ஏறுதலுக்குச் சத்து மாத்திரைகளையும் மூலிகை மாத்திரைகளையும் பரிந்துரைக்கவில்லை. உடல் எடையைக் குறைப்பதையும், மனப் பயிற்சி வழியாகத் தரப்படும் சிகிச்சையையும் அது ஏற்கிறது. அனல் தாங்க முடியாத அளவுக்குப் போனால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. அறுபது வயதுக்கு உட்பட்ட, மாதவிலக்கு நின்று பத்தாண்டுகள் ஆகாத பெண்களில் பெரும்பாலோர்க்கு அதன் நன்மை தீமையை விட மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. எவருக்கு அது ஆகாது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

அப்படியானால் வைட்டமின் வீண்தானா? அல்ல. நம் தமிழகத்துக் குன்னூரோடு தொடர்புடைய ஒரு வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்குத் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்கள் கருவுற்றிருக்கையில் கொடிய இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தார்கள். இரும்புச்சத்து கொடுத்தும் பலனில்லை. வில்ஸ் அவர்களுடைய வீடுகளில் அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சில காலம் தங்கிச் சோதனைகள் நடத்தினார். ஈஸ்ட் சாரமான மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்தபோது அந்த இரத்தசோகை தீர்வதைக் கண்டு 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அதனுள் இருந்தது என்னவென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயரிட்டு அழைத்தார்கள்.

அந்தக் காரணியே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்ததால் வந்தது. 1945-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய அமெரிக்கக் குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் சொல்லை ஏற்றுக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பட்டத்திலேயே குறை வைக்கப்பட்டவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவருக்குப் பாரதம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மார்மைட் அப்பெண்களைக் காப்பாற்றியது, அவர்கள் உடலில் அந்தச் சத்து இல்லாதிருந்ததனால். குறை உள்ள இடத்தில் வைட்டமின் அமுதம். குறை இல்லாத இடத்தில் அது வெறும் செலவு. நடுவயதுப் பெண்ணின் களைப்பு, படபடப்பு, மறதி, கைகால் மரத்துப்போதல் எல்லாம் மாதவிலக்கு நிற்கும் காலத்தின் தொல்லைகளாகவும் இருக்கலாம், சத்துக்குறையாகவும் இருக்கலாம், தைராய்டு சுரப்பியின் கோளாறாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். இரத்தப் பரிசோதனை ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டும். "இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான்" என்ற ஆறுதல் சொல் எத்தனையோ பெண்களின் நோயை ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருக்கிறது.

இரும்புச்சத்து வைட்டமின் அன்று, உலோகம். ஆயினும் சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்தே வருகிறது. இவ்வயதில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. மாதவிலக்கு தாறுமாறாகி உதிரம் மிகுதியாகப் போகும் ஆண்டுகள் இவை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. கோயில் படியேறுகையில் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, தலை கிறுகிறுப்பது இவற்றையெல்லாம் வயதின் மேல் பழி போட்டுவிடுகிறோம். நாற்பத்தைந்து ஒரு வயதா?

இதற்கு வீட்டு வழக்கமும் ஒரு காரணம். அடியாருக்கு அமுது படைத்த புனிதவதியாரின் வரலாறு நாம் அறிந்ததே. பசித்து வந்தவருக்குக் கறியமுது தயாராகவில்லையென்று கணவர் அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றை இலையில் இட்டார். மற்றொன்றைக் கணவர் இலையில் இட்டார். அவர் இன்னொன்று கேட்டபோது இறைவனிடம் இரந்து பெற்றுப் படைத்தார். அக்கதை முழுவதிலும் அந்த அம்மை தாம் என்ன உண்டார் என்ற குறிப்பே இல்லை. பிற்காலத்தில் உடலின் தசையை உதறிப் பேய் வடிவு வேண்டிப் பெற்றது அவருடைய அருள்நிலை. அதனாலேயே ஈசன் திருவாயால் 'அம்மையே' என்று அழைக்கப்பெற்றார். அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். அந்த நிலையை நம் வீட்டு மருமகளிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. எல்லோரும் உண்டபின் அடிப்பாத்திரத்தில் மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் பிசைந்து உண்பதை நாம் பதிபக்தி என்று புகழ்ந்துகொண்டிருக்கிறோம். பருப்பும் காயும் கீரையும் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். இரும்புச்சத்துக் குறைக்கு அது நேர்வழி.

உணவோடு சேர்த்துக் காப்பியோ தேநீரோ அருந்தினால் உணவிலுள்ள இரும்பு உடலில் குறைவாகவே ஏறும். ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். மாறாக, எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பை உள்ளே அழைத்துச் செல்லும். நம் முன்னோர் ஏகாதசி விரதத்தின் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் வைட்டமின் கணக்குப் பார்த்து வைத்தார்கள் என்று சொல்வது மிகை. அப்படிச் சொல்லி முன்னோர்க்குப் புகழ் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்த இலையில் இருப்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் பார்த்தால் வியப்பு உண்டாகும். நூறு கிராம் அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம் கால்சியம்; நூறு கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி. (இந்த நிறுவனமும் 1918-இல் குன்னூரில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்கென மெக்காரிசன் தொடங்கிய சிறு கூடத்தின் வளர்ச்சியே, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது.) பாரணை மாதம் இருமுறை வருகிறது. அகத்தியும் நெல்லியும் வாரத்துக்கு இருமுறை வந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? இரத்தசோகை உள்ள பெண் ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருப்பதைவிடப் பாலும் பழமும் கொள்வதே தக்கது; விரதத்தில் அதற்கு இடம் உண்டு.

அடுத்தது பி12. கோயில் குடும்பங்களில் மரக்கறி உணவே மிகுதி. பி12 என்னும் வைட்டமின் கீரையிலோ பருப்பிலோ காய்கனியிலோ கிடையாது. மரக்கறியாளர்க்கு இதைத் தருபவை பாலும் தயிரும் மோருமே. மோர் என்ற பெயரில் பல வீடுகளில் வழங்கப்படுவதோ வெண்ணிறம் கலந்த நீர். பி12 குறைந்தால் பாதம் எரியும், விரல் நுனி மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவு தடுமாறும், மனம் சோரும். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கு இக்குறை எளிதில் உண்டாகும். இங்கேதான் சுப்பாராவ் தந்த ஃபோலிக் அமிலத்தின் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். உள்ளே நரம்பு மட்டும் தொடர்ந்து கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் சோதித்துப் பாராமல் மாத்திரை வாங்குவது ஆபத்து. பரிசோதனையில் பி12 குறை தெரிந்தால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்துவிடலாம். காலம் தாழ்ந்தால் நரம்பின் சேதம் முழுவதும் மீளாமல் போகலாம்.

மூன்றாவதாக வைட்டமின் டி. ஆண்டு முழுதும் வெயில் கொளுத்தும் கடற்கரை ஊரில் இதற்குக் குறை வருமா என்று வியப்பு எழும். இதை ஆராய்ந்தவர்கள் திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தார். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தோற்றுவித்த மருத்துவமனை அது. தென்னிந்தியரின் உணவில் கால்சியம் குறைவாகவும், அதை உடலில் ஏறவிடாமல் தடுக்கும் ஃபைடேட் என்னும் பொருள் மிகுதியாகவும், உடலில் வைட்டமின் டி குறைவாகவும் இருப்பதை 2007-இல் அவர்கள் வெளியிட்டார்கள். வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட வைட்டமின் டி சற்று கூடுதலாக இருந்தது. அவர்களுக்கும் போதிய அளவில் இல்லை. தோல் வைட்டமின் டி செய்துகொள்ளத் தக்க கதிர் திருப்பதியில் பகல் 11 மணி முதல் 2 மணிவரைதான் நன்றாகக் கிடைக்கிறது என்பதையும் அங்கு செய்த ஆய்வுகள் காட்டின. காரைக்கால் இன்னும் தெற்கே இருப்பதால் நிலைமை அவ்வளவு மாறுபடாது.

காலையில் கிழக்கு நோக்கி நின்று சூரியனை வணங்குவது மனத்துக்கும் ஒழுங்குக்கும் உகந்தது. அந்த இளவெயிலால் வைட்டமின் டி ஏறும் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் சரியன்று. அந்நேரத்துக் கதிரில் அதற்கு வேண்டிய பகுதி மிகச் சொற்பம். நண்பகலில் முகமும் கைகளும் படுமாறு பத்து, பதினைந்து நிமிடம் மாடியில் வற்றல் காயவைக்கும் வேலையைச் செய்தாலும் அது பூசைக்கு நிகரான பலன் தரும். கருத்த மேனிக்குச் சற்று கூடுதல் நேரம் வேண்டும்.

எலும்பைக் காக்க டியும் கால்சியமும் சேர்ந்தே வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. முன் சொன்ன அதே அட்டவணையில் நூறு கிராம் எள்ளில் 1450 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 440, கேழ்வரகில் 344, பசும்பாலில் 120 என்று காண்கிறோம். காரைக்காலுக்கு அடுத்த திருநள்ளாற்றில் சனிக்கிழமைதோறும் எள் எண்ணெய் தீபமும் எள் சாதமும் மணக்கின்றன. அந்த எள் மற்ற நாட்களில் வீட்டுச் சமையலறைக்கு வருவதே இல்லை. தோல் நீக்காத கறுப்பு எள்ளை வறுத்து மிளகாயும் உப்பும் சேர்த்துப் பொடித்து வைத்துக்கொண்டால் இட்லிக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். எள்ளிலும் அகத்தியிலும் உள்ள கால்சியம் முழுவதும் உடலில் ஏறாது. பாலிலும் தயிரிலும் உள்ளது எளிதில் ஏறும். ஆகவே ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பிடிக்க வேண்டாம்.

உணவில் போதிய கால்சியம் பெறுபவர் மாத்திரையையும் அளவின்றி விழுங்குவதால் எலும்பு இரும்பாகிவிடுவதில்லை. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 36,282 பெண்களுக்குச் சில ஆண்டுகள் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்து 2006-இல் கண்ட முடிவு: இடுப்பெலும்பின் அடர்த்தி சிறிது கூடியது, எலும்பு முறிவு சொல்லத்தக்க அளவு குறையவில்லை, சிறுநீரகக் கல் மட்டும் அதிகரித்தது.

வைட்டமின்களில் இருவகை உண்டு. பி, சி ஆகியவை நீரில் கரைபவை. நடப்புக் கணக்குப் போல, மிகையானது பெரும்பாலும் வெளியேறிவிடும். ஏ, டி, இ, கே கொழுப்பில் கரைபவை. வைப்புநிதியைப் போல உடலில் தங்கிச் சேரும், நினைத்தவுடன் எடுக்க முடியாது. கடைகளில் 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்று மருத்துவர் எழுதியதை நாள் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு உண்பவர் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமும் குழப்பமும் வந்து, சிறுநீரகம் கெடும். நீரில் கரைவதாலேயே பி வகை அனைத்தும் தீங்கற்றவை என்றும் எண்ணிவிடலாகாது. எரிச்சலும் மனச்சோர்வும் தீர என்று பெண்களுக்குப் பி6 வைட்டமினைத் தாராளமாகக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நாளுக்கு 2 கிராம் முதல் 6 கிராம்வரை பி6 உண்டு, கால் உணர்விழந்து நடக்க முடியாமற்போன ஏழு பேரைப் பற்றி 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நரம்புக்கு நல்லது என்று உண்ட மருந்தே நரம்பைத் தின்றுவிட்டது. அவ்வளவு உண்பார் இங்கு இல்லை என்றாலும், இரண்டு மூன்று பெயர்களில் வாங்கும் மாத்திரைகளுள் அதே பி6 மறைந்திருந்து சேர்ந்துகொள்வதுண்டு.

இன்னொரு செய்தி. தைராய்டுக்கு மாத்திரை உண்ணும் பெண்கள் காலை வெறும் வயிற்றில் அதனுடனேயே கால்சியத்தையும் இரும்பையும் போட்டுக்கொள்கிறார்கள். தைராய்டு மாத்திரை அப்போது உடலில் சரியாக ஏறாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியமும் இரும்பும்கூட ஒன்றையொன்று தடுப்பவை. ஒன்றைப் பகலிலும் மற்றொன்றை இரவிலும் வைத்துக்கொள்வது நல்லது.

கோயிலோடு நேரடியாகத் தொடர்புடைய மாத்திரை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நமது இல்லங்களில் கூச்சம். திருவிழாவோ தீர்த்த யாத்திரையோ வரும் வாரத்தில் மாதவிலக்கு வந்துவிடக் கூடாதென்று நாள் தள்ளிப்போடும் மாத்திரையைப் பெண்கள் வாங்கி உண்கிறார்கள். நோர்எதிஸ்டிரோன் என்பது அதன் மருந்துப் பெயர். இளவயதில் நாள் கணக்குத் தெரியும். எப்போதோ ஒரு முறை உண்பார்கள். நாற்பத்தைந்துக்கு மேல் நாளே ஒழுங்காக வராததால், திருக்கல்யாணத்துக்கு ஒரு தடவை, சனிப்பெயர்ச்சிக்கு ஒரு தடவை, மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப உண்ணும் நிலை வருகிறது. இது வைட்டமின் அன்று, ஹார்மோன். முன்பு இரத்தம் உறைந்த நோய் உள்ளவர், உடல் பருத்தவர், இரத்த அழுத்தம் மிகுந்தவர் ஆகியோர்க்குக் கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டும் அபாயத்தை இது கூட்டும். உதிரப்போக்கின் உண்மைக் காரணத்தையும் மறைத்துவிடும். மருத்துவர் எழுதித் தராமல் இதை வாங்கலாகாது. மாமியாரோ கணவரோ, "இந்தத் தடவை நீ வரமுடியாவிட்டால் என்ன, அடுத்த வாரம் சந்நிதிக்குப் போய்வரலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மாத்திரைக்கே வேலை இருக்காது. அம்மையார் சந்நிதியின் கதவு ஆனிப் பௌர்ணமிக்கு மட்டும் திறப்பதன்று.

பரிசோதனைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மரக்கறி உணவினர் பி12 அளவையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. வைட்டமின் டி அளவை எல்லோரும் பார்க்க வேண்டுவதில்லை. எலும்பு வலியோ தசை வலிமைக் குறைவோ இருந்தால் மருத்துவரே சொல்வார்.

சில அறிகுறிகளுக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் உடனே பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏழு நாட்களுக்கு மேல் நிற்காத உதிரப்போக்கு, மணிக்கொரு துணி மாற்ற வேண்டிய அளவுக்குப் போதல், மாதவிலக்குக்கு இடையில் உதிரம் காணுதல் ஆகியவை அத்தகையன. பன்னிரண்டு மாதங்கள் நின்றிருந்த பிறகு ஒரு துளி கண்டாலும் அதைப் "பழைய தீட்டு மீண்டும் வந்திருக்கிறது" என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். ஆயினும் கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய் தன்னை முதலில் அறிவிக்கும் வழியும் அதுவே. தொடக்கத்தில் கண்டால் குணமாகக் கூடியது. எந்த வைட்டமினும் அதை ஆற்றாது. மருத்துவரிடம் செல்லும்போது அப்பெண் உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் தாமே வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கும் செல்ல வேண்டும்.